மேசைக்கு அந்தப் பக்கம்: வடசென்னைப் பள்ளியில் மருத்துவ மன்றம் தொடங்குவது எப்படி

வடசென்னையில் வளரும் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி புது இடம் கிடையாது. விடிந்தும் விடியாமலும் பாட்டியைக் கூட்டிப்போய் ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றிருப்பான். மாத்திரை கவுன்டரில் பையை நீட்டியிருப்பான். அக்காவுக்குப் பிரசவ வலி வந்தபோது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் பிளாஸ்க்கோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாள் இன்னொருத்தி. ஸ்டான்லியைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லும் தாத்தாக்கள் இன்றும் நம் தெருக்களில் உண்டு. 1782-இல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில்தான் அந்த ஆஸ்பத்திரியின் வேர் இருக்கிறது. 1938-இல் அது மருத்துவக் கல்லூரி ஆனது.

இவ்வளவு பழகிய இடம்தான். ஆனால் நம் பிள்ளைகள் பார்த்ததெல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் இருப்பவர் என்ன படித்தார், அந்தப் படிப்பில் எப்படிச் சேர்ந்தார், சீட்டில் என்ன எழுதுகிறார், அதே கேள்வியை ஏன் மூன்று தடவை கேட்கிறார் என்பதெல்லாம் தெரியாது. வீட்டில் அதைச் சொல்லித்தர ஆளும் இல்லை. பள்ளியில் ஒரு மருத்துவ மன்றம் இருந்தால் அந்த மேசையைச் சுற்றிப் போய்ப் பார்க்கலாம்.

நான் காசிமேட்டில் வளர்ந்தவள். ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். டியூட்டி இல்லாத நாட்களில், நான் படித்த பள்ளியின் மன்றத்துக்குப் போய் உதவுகிறேன். புதிதாகத் தொடங்க நினைக்கும் மாணவர்களுக்கும், அவர்களோடு நிற்கப்போகும் ஆசிரியர்களுக்கும், எங்களுக்குக் கைவந்ததையும் கைவிட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

ஆறு பேர், ஓர் ஆசிரியர், ஒரு கடிதம்

கூட்டம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆறு பேர் இருந்தால் தொடங்கிவிடலாம். இருபதைத் தாண்டவும் விடாதீர்கள். நாடி பார்க்கச் சொல்லிக்கொடுக்கும்போது ஒவ்வொரு கையையும் பிடித்து விரலைச் சரியான இடத்தில் வைத்துக் காட்ட வேண்டும். நாற்பது பேர் இருந்தால் அது பிரசங்கமாகிவிடும்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சேருங்கள். பத்தாவது முடிந்ததும் குரூப் எடுக்க வேண்டுமே, அதற்கு முன்பே விஷயம் தெரிய வேண்டும். காமர்ஸ் எடுத்து ஆறு மாதம் ஆனபிறகு, "அக்கா, இப்ப பி.எஸ்சி. நர்சிங் படிக்க முடியுமா?" என்று வந்து நிற்கும் பிள்ளையிடம் "முடியாதும்மா, சயின்ஸ் குரூப் வேண்டும்" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அந்தப் பதில் ஒன்பதாம் வகுப்பிலேயே கிடைத்திருக்க வேண்டும். இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும்: கணக்கு வராத பிள்ளை டாக்டர் ஆக முடியாதா? முடியும். நீட் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் போதும். கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப்பே பொருந்தும்.

அதற்காக மற்ற குரூப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரி நிர்வாகம், கணக்கு, மருத்துவப் பதிவேடுகள் என்று அவர்களுக்கும் உள்ளே வேலை இருக்கிறது. எங்கள் மன்றத்தின் நோட்டை மூன்று வருஷம் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியது ஒரு காமர்ஸ் பையன்தான். தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் எடுத்த பிள்ளைகள் உங்கள் பள்ளியில் இருந்தால் அவர்களைக் கட்டாயம் சேருங்கள். கட்டுப் போடுவதில் மற்றவர்களுக்கு அவர்களே வாத்தியார்.

பொறுப்பாசிரியர் பயாலஜி ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பி.இ.டி. சார் கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். மைதானத்தில் கால் பிசகினால் முதலில் ஓடிவருபவர் அவர்தானே. ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்) ஏற்கெனவே நடக்கிற பள்ளியென்றால் தனியாகப் போட்டி போடாமல் அதோடு சேர்ந்து நடத்துங்கள். முதலுதவிப் பயிற்சி, சீருடை, அனுமதி எல்லாம் எளிதாகும்.

அப்புறம் எச்.எம்.முக்குக் கடிதம். ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. என்ன செய்யப் போகிறோம் என்பதோடு, என்ன செய்ய மாட்டோம் என்பதையும் எழுதுங்கள்: ஊசி, ரத்தம் எடுத்தல், மாத்திரை கொடுத்தல் எதுவும் கிடையாது; மாணவர்களிடம் பணம் வாங்க மாட்டோம்; வெளியே போனால் ஆசிரியர் உடன் வருவார், பெற்றோர் கையெழுத்து இருக்கும். தலைமையாசிரியர்கள் தயங்குவது இந்த விஷயங்களில்தான். அவர் கேட்கும் முன்பே நாம் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நாள், நேரம் உங்கள் பள்ளி வசதி. வெள்ளிக்கிழமை கடைசிப் பிரியடு எங்களுக்குச் சரியாக அமைந்தது.

முதல் கூட்டம்: கரும்பலகையில் ஒரு பட்டியல்

முதல் நாளே நீட் பற்றிப் பேசாதீர்கள். ஒரே ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள்: டாக்டரையும் நர்ஸையும் தவிர ஆஸ்பத்திரியில் யார் யாரைப் பார்த்திருக்கிறீர்கள்?

ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கும். அப்புறம் கொட்டும். எக்ஸ்ரே எடுக்கிற அண்ணன். ரத்தம் எடுக்கிற அக்கா. மாத்திரை கொடுக்கிறவர். மாவுக்கட்டு போடுகிறவர். 108-இல் வந்து ஆக்சிஜன் வைத்தவர். அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் மெஷின் போடுகிறவர். கண்ணுக்குப் பவர் பார்த்தவர். ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். சுருக்கமாக எழுதினாலே இருபது தாண்டும். வியாசர்பாடிப் பிள்ளைகள் இருந்தால் ஐந்து ரூபாய் டாக்டர் திருவேங்கடம் பெயரும் வரும். அவர் 2020-இல் இறந்தார். அவரிடம் ஊசி போட்டுக்கொண்ட வீடுகள் அங்கே ஏராளம். "அவரும் டாக்டர்தான், ஆனால் எப்படிப்பட்ட டாக்டர்?" என்று அந்த இடத்தில் ஒரு பேச்சு தொடங்கும். தடுக்காமல் விடுங்கள்.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் எதிரே அவருடைய படிப்பை எழுதுங்கள். டயாலிசிஸ் மெஷினுக்கு பி.எஸ்சி. டயாலிசிஸ் டெக்னாலஜி. ஆபரேஷன் தியேட்டருக்கு பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி. எக்ஸ்ரே, ஸ்கேனுக்கு ரேடியாலஜி அண்ட் இமேஜிங். ரத்தப் பரிசோதனைக்கு மெடிக்கல் லேப் டெக்னாலஜி. கண்ணுக்கு பி.ஆப்டம். காது கேட்காத, பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறவர் படித்தது பி.ஏ.எஸ்.எல்.பி. இதய ஆபரேஷன் நடக்கும்போது ரத்தத்தை உடம்புக்கு வெளியே ஓட்டும் மெஷினைப் பார்த்துக்கொள்ள பெர்ஃப்யூஷன் டெக்னாலஜி என்றே ஒரு படிப்பு இருக்கிறது. இதைச் சொல்லும்போது பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியை நினைவுபடுத்துவேன். இந்தியாவின் முதல் இதய பைபாஸ் ஆபரேஷனை 1975-இல் டாக்டர் கே.எம்.செரியன் செய்தது அங்கேதான். பிள்ளைகள் பஸ்ஸில் தினமும் கடந்து போகிற கட்டடம்! அந்தத் தியேட்டருக்குள் டாக்டர் மட்டுமா நின்றிருப்பார், வேறு யாரெல்லாம் இருந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரையும் வார்டு கூட்டுகிற ஆயாம்மாவையும் அந்தப் பட்டியலிலிருந்து அழிக்க விடாதீர்கள். குப்பை மஞ்சள் பையில் போக வேண்டியது சிவப்புப் பையில் போனால் என்ன ஆகும் என்று ஆயாம்மாவுக்குத் தெரியும்; அந்த அறிவு இல்லாமல் எந்த வார்டும் ஓடாது.

எங்கள் மன்றத்தில் சேர்ந்த ஒருத்திக்கு டாக்டர் என்ற ஒரே சொல்தான் தெரியும். அந்தக் கரும்பலகையில் நான்காவது வரியாக இருந்தது டயாலிசிஸ். அவளுடைய பெரியப்பாவுக்கு அந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்த நேரம். இன்று அவள் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நீட் எழுதித் தோற்றவள் என்று அவளைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவள் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறாள்.

கை பழகும் வாரங்கள்

இரண்டாவது வாரத்திலிருந்து வாரம் ஒரு விஷயம். கேட்டுக்கொண்டு போகிற கூட்டமாக எதுவும் இருக்கக்கூடாது. ஒவ்வொரு வாரமும் கையால் ஒன்றைச் செய்ய வேண்டும்.

நாடியில் தொடங்குங்கள், செலவே இல்லை. கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டுக்குச் சற்று மேலே மூன்று விரல்களை மெதுவாக வைக்க வேண்டும். நம் கட்டைவிரலால் பார்க்கக்கூடாது, அதிலேயே ஒரு துடிப்பு இருப்பதால் நம் நாடியையே எண்ணிவிடுவோம். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது பழகியவர்களுக்கு. புதியவர்கள் முழு ஒரு நிமிடம் எண்ணட்டும். உட்கார்ந்து ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு 60 முதல் 100 வரை இருக்கும்.

ஒரு வருஷம் இதைச் செய்தபோது ஒரு பெண் எழுந்து, "அக்கா, இவனுக்கு 54தான் வருது!" என்று கத்தினாள். அந்தப் பையன் முகம் வெளுத்துவிட்டது. நான் எண்ணினேன், 54 சரிதான். "நீ என்னப்பா விளையாடுற?" என்றேன். ஃபுட்பால், தினமும் காலையில் பயிற்சி. பழகிய இதயம் ஒரு துடிப்பிலேயே நிறைய ரத்தத்தைத் தள்ளிவிடும், அதனால் நிதானமாகத் துடித்தாலே போதும். அதன்பிறகு பாக்ஸிங் போகிற பிள்ளைகளின் கையையெல்லாம் பிடித்துப் பார்த்தார்கள். எண்ணை மட்டும் பார்க்காதே, ஆளையும் பார் என்பதை அன்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது பி.பி. டிஜிட்டல் மெஷின் ஒன்று போதும். மெஷினை யாரும் அழுத்திவிடலாம், ஆளை உட்கார வைப்பதில்தான் வித்தை. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில், கால்மேல் கால் கூடாது. கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். சட்டைக் கை மேல் சுற்றக்கூடாது. அரை மணி நேரத்துக்குள் டீ குடித்திருக்கக்கூடாது. இதில் எது தவறினாலும் எண் மாறும். 140/90-க்கு மேல் ஒரு தடவை காட்டினால் அது நோய் என்று அர்த்தமில்லை, இன்னொரு நாளும் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

இங்கே எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடங்கிய வருஷம் ஆசிரியர்களுக்கு பி.பி. பார்க்கிறோம் என்று ஸ்டாஃப் ரூமில் மேசை போட்டோம். ஒரு டீச்சருக்கு மேலே 170 காட்டியது. பார்த்த பையன் சத்தமாக, "மிஸ், நூத்தி எழுபது!" என்றான். மதியத்துக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் "மிஸ்ஸைக் கோபப்படுத்தாதீங்கடா" என்று கிசுகிசுத்தார்கள். அந்த டீச்சர் பல வாரம் எங்களோடு பேசவில்லை. தவறு பையனுடையது இல்லை, அவனுக்கு முன்கூட்டியே சொல்லித்தராத என்னுடையது. அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எண்ணைச் சின்னச் சீட்டில் எழுதி, மடித்து, அவர் கையில் மட்டும் கொடுக்க வேண்டும். மன்ற நோட்டில் எத்தனை பேருக்குப் பார்த்தோம் என்பதை மட்டும் எழுதுவோம், பெயர் எழுத மாட்டோம். வீட்டில், வாட்ஸப்பில், சாப்பாட்டு நேரத்தில் எங்கும் பேசக்கூடாது. புதிதாகச் சேருகிற பிள்ளை மெஷினைத் தொடும் முன் சீட்டை மடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நீங்களும் மடிப்பிலிருந்தே தொடங்குங்கள்.

மற்ற வாரங்களுக்குச் சில:

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கலக்குவது. பெரிய பாக்கெட் ஒன்றுக்குச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். நம் வீடுகளில் ஒரு டம்ளரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிவிடுகிறார்கள். உப்பு அதிகமாகிக் குழந்தைக்குக் கெடுதலாக முடியும். ஒரு லிட்டர் பாட்டிலை வைத்தே செய்து காட்டுங்கள். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது.

தீக்காயத்துக்கு ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். இங்க், பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம். இருபது நிமிடம் எவ்வளவு நீளம் என்பதைக் கையைக் குழாயடியில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தால்தான் தெரியும். நிற்க வையுங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் கட்டுகிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. பிள்ளைகள்தான் வீட்டில் சொல்ல வேண்டும்.

மூச்சும் இதயமும் நின்றுவிட்டவரின் நெஞ்சை அழுத்தும் முதலுதவிதான் சி.பி.ஆர். அதைப் பழக விலையுயர்ந்த பொம்மை இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். பழைய தலையணை இரண்டை இறுகக் கட்டித் தரையில் வைத்து, அழுத்தும் வேகத்தைப் பழகலாம். நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். முழங்கை மடங்கக்கூடாது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒருவர் 108-ஐ அழைத்திருக்க வேண்டும். "யாராவது கூப்பிடுங்க" என்று சொன்னால் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒருவரைக் கையால் காட்டி "அண்ணே, நீங்க கூப்பிடுங்க" என்று சொல்லப் பழக்குங்கள். தலையணை ஆழத்தைச் சரியாகக் காட்டாது. வருஷத்துக்கு ஒரு முறையாவது முறையான பயிற்சியாளரை, ஜே.ஆர்.சி. வழியாகவோ ஆஸ்பத்திரி வழியாகவோ, அழைத்துவிடுங்கள்.

யாராவது ரத்தத்தைப் பார்த்து மயங்கினால் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள். எழுந்ததும், "உனக்கெல்லாம் இந்த வேலை சரிப்படாது" என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. நர்சிங் முதல் வருஷத்தில் நானும் மயங்கியிருக்கிறேன், என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் மயங்கியிருக்கிறார்கள்.

செய்யக்கூடாதவை: விரலில் குத்தி சர்க்கரை பார்ப்பது, எவ்வளவு எளிதாகத் தெரிந்தாலும் வேண்டாம், ஊசியென்றால் ஊசிதான். யாருக்கும் மாத்திரை சொல்வது கூடாது. ரத்ததானத்துக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் ஆள் சேர்க்கலாம், கொடுக்க முடியாது.

வெளியே போவது

எல்லோருக்கும் முதல் ஆசை ஸ்டான்லியாகத்தான் இருக்கும். வேண்டாம், சின்ன இடத்திலிருந்து தொடங்குங்கள். நாங்கள் செய்த இரண்டாவது தவறு அது. முப்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் திங்கள்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். வாய்மொழியாக ஒருவர் "வாங்க" என்று சொன்னதை நம்பிப் போனது. கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான். ஓ.பி. நேரத்தில் முப்பது பேர் உள்ளே நின்றால் ஸ்ட்ரெச்சர் எப்படிப் போகும்?

உங்கள் வார்டில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எச்.எம். கையெழுத்திட்ட கடிதத்தை அங்குள்ள மருத்துவ அலுவலரிடம் கொடுங்கள். அவர் மேலே கேட்க வேண்டும் என்றால் மண்டல சுகாதார அலுவலருக்கு ஒரு நகல். எட்டுப் பேருக்கு மேல் கூட்டிப்போகாதீர்கள். மதியத்துக்கு மேல் போங்கள். போன் பையிலேயே இருக்கட்டும். நோயாளி முகம் தெரிகிற ஒரு போட்டோகூட எடுக்கக்கூடாது.

உள்ளே போனால் முதலில் தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜைப் பார்க்கக் கேளுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தினமும் காலையும் மாலையும் வெப்பநிலையை எழுதுகிற தாள் அதன்மேலேயே தொங்கும். அப்புறம் ஒரு மருந்துக் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. வெப்பம் பட்டுப் பட்டு அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் போடக்கூடாது. ஒரு கடுகளவு சதுரம்! ஒரு சிஸ்டர் அதை எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டியபோது எட்டுத் தலையும் ஒன்றோடொன்று முட்டின. "நம்ம தம்பிக்கு ஊசி போடும்போதும் இதைப் பார்த்துட்டுத்தான் போட்டாங்களா?" என்று கேட்டாள் ஒருத்தி. ஆமாம், பார்த்துவிட்டுத்தான் போட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

லேப், மருந்தகம், நான்கு நிறக் குப்பைத் தொட்டிகள் எல்லாம் அதற்குப்பிறகு. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுவீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்க்கிற பெண்கள் அங்கே இருந்தால் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். அவர்கள் நம் தெருப் பெண்கள், எந்த வீட்டு மாடிப்படி உடைந்திருக்கிறது என்பதுவரை தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை, நீங்கள் அங்கே போவதைவிட அங்கிருந்து ஒருவர் பள்ளிக்கு வருவது எளிது. மருத்துவக் கல்லூரி டீனுக்கு எழுதிக் கேளுங்கள். நர்சிங் மாணவிகளோ ஹவுஸ் சர்ஜன்களோ வரலாம். பள்ளியின் பழைய மாணவர்களைத் தேடுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு லேப் டெக்னீஷியன், ஒரு பார்மசிஸ்ட் எப்படியும் இருப்பார். அவர் வந்து, "நானும் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்தேன்" என்று சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்க வேண்டும்.

நம் ஊர், நம் நோய்

வருஷத்துக்கு ஒரு வேலையை மன்றம் எடுத்துக்கொள்ளட்டும். போஸ்டர் போட்டி வேண்டாம். நம் தெருவில் கண்ணால் பார்க்கக்கூடியது எதுவோ அதை எடுங்கள்.

லாரித் தண்ணீருக்காக வீட்டு வாசலில் நிற்கிற நீல டிரம்மில் தொடங்கலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டை இடாது, நல்ல தண்ணீரில்தான் இடும். முட்டையிலிருந்து கொசுவாகச் சுமார் பத்து நாள் போதும். டிரம்மைக் கவிழ்த்துக் காயவைத்தால் போய்விடும் என்று நினைப்போம். போகாது, முட்டை உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடு இருக்கும். பிரஷ் போட்டு தேய்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஐந்து வீடு எடுத்துக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்து, தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். "இதை முதலில் உன் வீட்டில் செய்" என்று சொன்ன ஆயாக்கள் உண்டு. உண்மைதான், முதல் வீடு நம் வீடாக இருக்கட்டும்.

காசநோய் இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை, அரசு நிலையங்களில் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மாத்திரை. சிகிச்சையில் இருப்பவருக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். இதைப் பலர் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் யாருக்கு இருக்கிறது என்று பிள்ளைகள் தேடிப்போகக்கூடாது. தகவலை மட்டும் சொல்ல வேண்டும்.

எண்ணூர்ப் பக்கத்துப் பள்ளி என்றால் காற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2023 டிசம்பரில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்த இரவில் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய வீடுகளின் பிள்ளைகள் இப்போது நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். காற்று வீசும் போக்கிலேயே ஓடக்கூடாது, குறுக்கே விலக வேண்டும். அந்த இரவைப் பற்றிப் பேச விரும்புகிற பிள்ளை பேசட்டும். விரும்பாதவரைக் கேட்காதீர்கள்.

படிப்பும் தேர்வும்

மன்றம் கோச்சிங் சென்டர் இல்லை. ஆனால் தேதியும் விதியும் தெரியாமல் ஒரு பிள்ளை வாய்ப்பை விட்டுவிட்டால் அந்தப் பழி மன்றத்துக்கும் உண்டு.

நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண், மூன்று மணி நேரம். 90 கேள்வி உயிரியல், இயற்பியலும் வேதியியலும் 45 வீதம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும். தமிழிலும் எழுதலாம். சேருகிற வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது ஆகியிருக்க வேண்டும். சித்தா படிக்கவும் நீட் வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் தமிழ்நாட்டில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தை அரசே கட்டுகிறது. மாநகராட்சிப் பள்ளிகளும் இதில் சேரும். அரசு உதவிபெறும் பள்ளிகள் சேராது. வடசென்னையில் உதவிபெறும் பள்ளிகள் நிறைய இருப்பதால் இதைப் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் பள்ளி மாற்றுகிறவர்கள் யோசித்து மாற்ற வேண்டும்.

பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம், மேலே சொன்ன டெக்னாலஜி படிப்புகள் பலவற்றுக்கும் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்துகிறது. விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறுவதால், அந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டை ஒரு பிரதி எடுத்து மன்ற நோட்டில் ஒட்டுங்கள். போன வருஷத்து அண்ணன் சொன்னதை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். சாதி, வருமானம், இருப்பிடச் சான்றிதழ்களையும், ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான சான்றையும் ப்ளஸ் டூ அரையாண்டுக்குள் வாங்கிவிட வேண்டும். ரிசல்ட் வந்தபிறகு இ-சேவை மையத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் புரியும்.

மதிப்பெண் குறைந்து சுருண்டுபோகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் இருப்பார்கள். அவர்களைத் தனியாக விடாதீர்கள். வீட்டுக்குப் போங்கள், பக்கத்தில் உட்காருங்கள். மனசு உடைந்தால் பேச அரசு உதவி எண்கள் உண்டு: 104 எண்ணிலும் 14416 எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அந்த இரண்டு எண்களும் மன்ற நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கட்டும். சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் விளையாட்டு என்று விட்டுவிடாமல் உடனே ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும். சீட்டை மடிப்பது, பேசாமல் இருப்பது என்ற நம் வழக்கம் இந்த ஒன்றுக்குப் பொருந்தாது.

அடுத்த கைக்கு

ஜனவரி முடிவதற்குள் ப்ளஸ் டூ பிள்ளைகளை விடுவித்துவிடுங்கள், பரீட்சை இருக்கிறது. பொறுப்பு ப்ளஸ் ஒன் கைக்கு வர வேண்டும். எங்களிடம் இருப்பவை ஒரு நீள நோட்டு, ஒரு பி.பி. மெஷின், கட்டுத்துணிகள், ஒரு டார்ச், இரண்டு தலையணை, அவ்வளவுதான். புதியவர் நோட்டில் கையெழுத்திட்டு ஒவ்வொன்றையும் எண்ணி வாங்கிக்கொள்வார். யார் யார் பள்ளிக்கு வந்து பேசினார்கள், எந்த நிலையத்தில் எந்த நேரம் கூட்டம் குறைவு, எந்தக் கடிதத்துக்கு எத்தனை நாளில் பதில் வந்தது என்பதெல்லாம் அதிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பி.பி. மெஷினை அலமாரியில் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மே மாத விடுமுறையில் உள்ளேயே கசிந்து எங்களுக்கு ஒரு மெஷின் வீணானது. கழற்றிய பேட்டரியைச் சின்னப் பையில் போட்டு, கையில் சுற்றுகிற கஃப் துணியோடு சேர்த்துக் கட்டி வைத்தால் ஜூனில் தேட வேண்டியதில்லை.